ஈச்சங்கல் கசப்பு ஜாம்

ஈச்சங்கல் மலைச்சாலையின் பதினோராவது கொண்டை ஊசி வளைவில் கடை வைத்திருந்த பிலோமினாவின் ஜாம் பாத்திரத்துக்குள், மார்கழி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிக்கு, அங்கப்பனும் அவன் தம்பி சடையனும் போட்ட சண்டை விழுந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே விழுந்தது, விழுந்த சத்தமும் கேட்டது.

பிலோமினா யாரென்று சொல்லிவிட்டால் மற்றது எளிது. பதினாறு வயதில் ஒரு கூடை வேர்க்கடலையோடு மலை பஸ்ஸில் ஏறியவள், கூடைக்குத் தனி டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் ஏழு வளைவு வரைக்கும் வாதாடி, எட்டாவது வளைவில் கூடையோடு இறக்கிவிடப்பட்டு, மீதி மலையை நடந்தே ஏறி, நடந்த வழியெல்லாம் கடலையை விற்றுத் தீர்த்தவள். அன்றிலிருந்து முப்பத்தாறு வருஷமாக அவள் யாரிடமும் சொன்ன விலைக்குச் சரி என்றதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பாதர் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னால் ஏழுக்குப் பேசி முடித்துக்கொண்டு வெளியே வருவாள். காலையில் மினிவேனில் காய்கறி கொண்டுவரும் கொழந்தவேலுவோடு அவள் போடும் பீன்ஸ் சண்டையைக் கேட்டுத்தான் ஊரில் பாதிப்பேர் பல் விளக்க எழுந்தார்கள். கோபம்தான் அவளுடைய முதல். மற்றவர்களுக்கு நிலம் இருந்தது, காப்பிச் செடி இருந்தது, அண்ணன் தம்பி இருந்தார்கள், அவளுக்குக் கோபம் இருந்தது.

ஜாம் போடும் வித்தையையும் பேரம் பேசித்தான் வாங்கினாள். கான்வென்ட் சமையல்கட்டில் ஒரு வயசான மதர், கிடாரங்காயில் கசப்பு ஜாம் செய்து ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வார். மார்மலேட் என்பார் அதை. இரண்டு மூட்டை கிடாரங்காய்க்கு அந்தப் பக்குவத்தைக் கேட்டாள் பிலோமினா. மதர் மூன்று மூட்டை கேட்டார். இரண்டரைக்கு முடிந்தது. காயை இரண்டாக வெட்டிச் சாறு பிழிய வேண்டும். விதையையும் வெள்ளைத் தோலையும் வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்ட வேண்டும். மஞ்சள் தோலைத் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, முடிச்சோடு ஒரு ராத்திரி ஊறப்போட்டு, மறுநாள் தோல் நசுங்குகிற மாதிரி வேகவிட்டு, அப்புறம்தான் சர்க்கரை. குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேல்தோல் சுருங்க வேண்டும், சுருங்கினால் உறைந்தது என்று அர்த்தம். "கடைசியா ஒண்ணு" என்றார் மதர். "கிண்டுகிறவள் வாய் திறக்கக் கூடாது. பேசினா பாகு கலங்கிடும்." பிலோமினா அதற்கு மட்டும் பேரம் பேசவில்லை. அவள் ஜாம் கிண்டும் இரண்டு மணி நேரம்தான் ஈச்சங்கல்லுக்கு நாளில் கிடைக்கும் அமைதி என்பதால், அந்த நேரம் பார்த்துக் கடன் கேட்க வருவார்கள், கதை சொல்ல வருவார்கள், அவளைத் திட்டுவதற்குக்கூட வருவார்கள்.

அந்த மார்கழியில் மூன்று நாளாக ஜாம் உறையவில்லை. மழையில் நனைந்த காயோ என்னவோ, எத்தனை காய்ச்சினாலும் தட்டில் விட்ட சொட்டு வெறும் சர்பத் மாதிரி ஓடியது. நான்காம் நாள்தான் அங்கப்பனும் சடையனும் வந்தார்கள். இரண்டு பேர் தோட்டத்துக்கும் நடுவில் நின்ற சில்வர் ஓக் மரம் யாருடையது என்று பதினான்கு வருஷமாகச் சண்டை. அவளைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லி வந்தவர்கள், அவள் வாய் திறக்காமல் கிண்டுவதைப் பார்த்ததும் அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவனாக நின்று, நேராகவே பேசிக்கொண்டார்கள்.

"எங்கப்பன் நட்ட மரம்டா அது!"

"எனக்கு மட்டும் என்ன பக்கத்து வீட்டுக்காரனா அப்பன்?"

"நட்டபோது நீ தொட்டில்ல கெடந்த. மூத்திரம் பேஞ்சதைத் தவிர அந்த மரத்துக்கு நீ என்னடா செஞ்ச?"

"அந்த மூத்திரத்துலதான் மரம் வளந்துச்சு, போடா!"

ஆவி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஆவியில் சொற்கள் நனைந்து கனத்து, நடுவழியில் நின்று, ஒவ்வொன்றாகப் பாகுக்குள் விழுந்தன. 'அப்பன்' என்ற சொல் ஊறின கொண்டைக்கடலை மாதிரி ப்ளக் என்று விழுந்ததைப் பிலோமினா தன் கண்ணால் பார்த்தாள். 'தொட்டில்' கொஞ்சம் மிதந்து பிறகு முங்கியது. விழ விழப் பாகு கெட்டியானது, நிறம் பொன்னாகி, செம்பாகி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்த பித்தளையாக மின்னியது. அவள் தட்டில் ஒரு சொட்டு விட்டுத் தள்ளினாள். சுருங்கியது.

அங்கப்பன் திடீரென்று நின்றான். "எதுக்குடா வந்தோம்?"

"தெரியலண்ணே" என்றான் சடையன். "டீ குடிக்கலாமா?"

இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். மரம் அங்கேயே நின்றது, அன்றிலிருந்து அது யாருடையதாகவும் இல்லை.

ஈச்சங்கல் இதைக் கண்டு வாய் பிளக்கவில்லை. வருஷத்தில் நாலு மாதம் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாத பனிமூட்டத்தில் வாழ்கிறவர்கள் அவர்கள், எதிரே வருவது மாடா மனுஷனா என்று கேட்டுவிட்டு வணக்கம் சொல்கிறவர்கள். சண்டை ஜாமுக்குள் விழுகிறது என்றால் சரி, எந்தக் கிழமை அடுப்பு மூட்டுவாய் என்று மட்டும் கேட்டார்கள். திங்களும் வியாழனும் என்றாள் பிலோமினா. அப்புறம் வரிசை பெருத்ததும் புதனையும் சேர்த்தாள். மாமியார்கள் மருமகளைக் கையோடு கூட்டி வந்தார்கள். சம்பந்திகள் பட்டுத் துணியில் வந்து திட்டிக்கொண்டு, பாகு உறைந்ததும் வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார்கள். தனியாக வந்த தபால்காரர் துரைக்கண்ணு, யாரைத் திட்டுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மலைச்சாலையின் பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லித் திட்டினார். அது ஆறு பாட்டில் வந்தது. கல்யாணம் பேசுமுன் பெண்ணும் மாப்பிள்ளையும் அடுப்பின் இரண்டு பக்கமும் நின்று, இனிமேல் போடப்போகும் சண்டையை முன்கூட்டியே போட்டுத் தீர்த்துவிட்டுப் போகிற வழக்கமும் வந்தது. கிடாரங்காய் முடிந்ததும் நார்த்தங்காய், நார்த்தங்காய் முடிந்ததும் எலுமிச்சை. எந்தக் காயானாலும் உறைந்தது, எந்தச் சண்டையானாலும் இனித்துக் கசந்தது.

ஒன்று மட்டும் எல்லோரும் கவனித்தார்கள். கிண்டுகிறவளின் கோபம் விழவில்லை. வாயை மூடிக்கொண்டு கிண்டினாள் அல்லவா, அவளுடையது அவளுக்குள்ளேயே இருந்தது.

கீழே சமவெளியில் ஜாம் போன இடங்களிலிருந்தெல்லாம் கடிதம் வந்தது. பதினெட்டு வருஷம் தலை குனிந்தே வேலை பார்த்த ஒரு குமாஸ்தா, காலையில் ரொட்டியில் இரண்டு கரண்டி தடவிச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸ் போய், மேனேஜரின் மேசையைத் தட்டித் தனக்கு வர வேண்டிய பதவி உயர்வைக் கேட்டிருக்கிறார், தட்டும்போது "எங்கப்பன் நட்ட மரம்டா அது" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்துவிட்டதாம், மன்னிக்கவும், இன்னும் நாலு பாட்டில் அனுப்பவும். புருஷனுக்கு எதிர்வார்த்தை பேசாத ஒரு பெண், மாடி வீட்டு மாமி, பேச்சுப் போட்டிக்குப் போகும் பிள்ளை, எல்லோருக்கும் வேண்டியிருந்தது. பிலோமினா தரம் பிரித்தாள். பாட்டிலின் மேல் சீட்டு ஒட்டினாள். 'மாமியார் மருமகள், நடுத்தரம்.' 'பங்காளி வரப்பு, முதல் தரம்.' 'சாலைப் பள்ளம், சிறு குழந்தைகளுக்கு ஏற்றது.'

அந்த வருஷம் முழுக்க அவளுக்குக் கொடி பறந்தது. கிடாரங்காய்க்கு அவள் சொன்னதுதான் விலை, எதிர்த்து யாரும் கேட்கவில்லை. சர்க்கரைக் கடைக்காரர் குறைத்துப் போட்டார். ஐப்பசியில் கொழந்தவேலுவும் பெண்டாட்டியோடு வந்து அடுப்பண்டை நின்று கத்திவிட்டுப் போனான். மறுநாள் காலை வேனில் வந்து நின்று, "பீன்ஸ் எழுபதுக்கா" என்றான்.

"நாப்பது" என்றாள் பிலோமினா, சண்டைக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"சரிக்கா."

அவள் கை இடுப்பிலேயே நின்றது. "என்னடா சரி? என்ன மனுஷன்டா நீ? வயித்துல அடிக்கிறாளேன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று சிரித்தான் கொழந்தவேலு. அந்த பீன்ஸை அவள் பொரியல் செய்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு மூடி வைத்தாள். எதிரில் ஆள் இல்லாமல் கயிறு இழுத்தவள் மாதிரி அன்று முழுக்கத் தடுமாறி நடந்தாள்.

அதற்குள் வேறொன்றும் நடந்திருந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஈச்சங்கல்லுக்கு மேலே பூனைக்கண் ஊற்று என்று ஒன்று உண்டு. ஊருக்கெல்லாம் அந்தத் தண்ணீர்தான். மாசி மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஊரே அங்கே ஏறிப் போய், யாருக்கு எத்தனை நாள் முறை, யார் வாய்க்காலைத் தூர் வாருவது என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை சண்டை போடுவார்கள். துண்டு பறக்கும், செருப்பு பறக்கும், ஒரு வருஷம் ஒரு பல்கூடப் பறந்தது. பொழுது சாயும்போது முறை முடிவாகிவிடும், பாதையும் மிதிபட்டுச் சுத்தமாகிவிடும். அந்த மாசியில் எல்லோரும் ஏறிப் போனார்கள். "நீங்க எடுத்துக்கங்க" என்றான் அங்கப்பன். "இல்லைங்க, நீங்க முதல்ல" என்றார்கள் மற்றவர்கள். அரை மணி நேரத்தில் கும்பிட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். முறை முடிவாகவில்லை. தூர் வாரவும் யாரும் போகவில்லை. அடுத்தவன் போகட்டும் என்று ஒவ்வொருவனும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க, பாதையை உண்ணிச்செடி மூடியது. ஊற்று தன்பாட்டில் ஊறி, தூர்ந்த வாய்க்காலில் கசிந்தது மட்டும் ஊருக்கு வர, மீதி யாரும் பார்க்காமல் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

மறு வருஷம் தை பிறந்து ஒரு வாரத்தில் சந்திரமௌலி என்பவர் வெள்ளைக் காரில் வந்து பதினோராவது வளைவில் இறங்கினார். நாற்பது வயது, கட்டம் போட்ட சட்டை, பேசும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிற மரியாதை. இரண்டு பாட்டில் ஜாம் கேட்டார். பிலோமினா இருநூறுக்குப் பதில் வேண்டுமென்றே நானூறு சொன்னாள். அவர் நானூறை எடுத்து நீட்டினார்.

அவளுக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது. முப்பத்தாறு வருஷத்தில் அவள் கற்றது அது ஒன்றுதான். கேட்ட விலையை அப்படியே தருகிறவன், வேறெதையோ சும்மா எடுத்துக்கொண்டு போக வந்தவன்.

"என்ன சோலியா வந்தீங்க சார்?"

"உங்க ஊருக்கு நல்லது செய்யத்தாம்மா" என்றார். கையிலிருந்த தாளைக் காட்டினார். பூனைக்கண் ஊற்று, படத்தோடு இருந்தது. அடியில் 'பயன்பாட்டில் இல்லாத நீராதாரம்' என்று எழுதியிருந்தது. கீழே எங்கோ இருக்கும் தண்ணீர் பாட்டில் கம்பெனிக்காக வந்திருந்தார். குடியரசு தினத்தன்று கிராம சபை கூடுகிறது, ஊர் சம்மதித்துத் தீர்மானம் போட்டால் முப்பது வருஷக் குத்தகை. ஊருக்குப் பதிலாக ஒரு நிழற்குடையும், வீட்டுக்கு ஒரு தண்ணீர் கேனும் கொடுப்பார்கள்.

"எங்க தண்ணியவே கேன்ல புடிச்சு எங்களுக்கா?"

"சுத்தம் பண்ணிம்மா" என்றார் சந்திரமௌலி கனிவாக. "ஊர்ல எல்லார்கிட்டயும் பேசிட்டேன். ரொம்ப நல்ல ஜனங்க. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கலையே!"

கார் போனதும் அவள் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். பஞ்சாயத்துத் தலைவர் ராசமாணிக்கம் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

"யோவ் தலைவரே, தண்ணிய வித்துட்டு என்னத்தக் குடிக்கப் போறீரு?"

"வா பிலோமினா, உக்காரு. அவரும் பாவம் எத்தனை தூரத்துலேருந்து வர்றாரு."

"எனக்குத் தொண்டை வறளுது, உமக்கு அவன் பாவமா இருக்கா?"

"நீ சொல்றதும் நியாயம்தான்" என்றார் தலைவர். "அவர் சொல்றதும் நியாயமாத்தான் இருக்கு."

அங்கப்பனிடம் போனாள். நியாயம்தான் என்றான். சடையன், அண்ணன் சொன்னால் சரி என்றான். தபால்காரர் துரைக்கண்ணு, நிழற்குடையில் மழைக்கு ஒதுங்கலாமே என்றார். வீடு வீடாக ஏறி இறங்கிக் கத்தினாள். ஊர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, விசிறி கொடுத்து, உட்காரச் சொன்னது. அவ்வளவு மெத்தென்ற ஊரை அவள் எப்படிப் பிடித்து உலுக்குவாள்? கை வைத்த இடமெல்லாம் அமுங்கியது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான், இவர்களிடமிருந்த பல்லை எல்லாம் தானே பிடுங்கிப் பாட்டிலில் அடைத்துச் சீட்டு ஒட்டி விற்றுவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் முதலில் தன் மேலேயே கோபம் வந்தது. அதையும் பத்திரப்படுத்திக்கொண்டாள், அது வேண்டியிருக்கும்.

விற்றதைத் திருப்பி வாங்கி ஊருக்கே ஊட்டலாமென்று கீழே இருக்கிற கடைகளுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். எல்லாப் பாட்டிலும் காலி. நக்கி வழித்துத் தின்றிருந்தார்கள். கடையில் எஞ்சியிருந்தது 'சாலைப் பள்ளம்' அரை பாட்டில். அதை வைத்துக்கொண்டு யாரை எழுப்ப முடியும்? கிராம சபைக்கு இரண்டு நாள் இருந்தது. ஈச்சங்கல்லில் கோபம் இருந்த ஆள் ஒரே ஒருத்தி. ஒருத்தி தனியாகக் கத்தினால் அந்தம்மாவுக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தி என்று எழுதிவிட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டுப் போவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை கொழந்தவேலுவின் வேனை மறித்தாள். "இறங்கு. ஜாம் கிண்டணும்."

"நானாக்கா?"

"கிண்டுறவ கோபம் சட்டிக்குள்ள விழாது. நான் எதிர்ல நிக்கணும். நீ வாயை மூடிக்கிட்டுக் கிண்டு, அடிப்பிடிச்சா கொன்னுடுவேன்."

"எல்லாத்தையும் போட்டுட்டா உங்களுக்கு என்னக்கா மிஞ்சும்?"

அவள் அடுப்பை மூட்டினாள். கரண்டியை அவன் கையில் திணித்தாள். ராத்திரி ஊறிய நாற்பது கிடாரங்காயின் தோல் வெந்து, சர்க்கரை கரைந்து, ஆவி எழும்பியதும், அடுப்புக்கு அந்தப் பக்கம் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆரம்பித்தாள்.

கூடைக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரில் தொடங்கி, எட்டாவது வளைவில் மழையில் நின்ற பதினாறு வயதுப் பெண்ணைப் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு போன ஒவ்வொரு லாரியையும், முதல் தடவை காய்ச்சிய ஜாமை லைசென்ஸ் இல்லை என்று பள்ளத்தில் கவிழ்த்த காக்கிச் சட்டையையும், கை கறுப்பாக இருக்கிறது பின்வாசலில் வந்து கொடு என்ற பங்களாக்காரியையும், கல்யாணமாகி மூன்றாம் மாசம் அவள் கொலுசோடு காணாமல் போன அமல்ராஜையும், அவன் போன பிறகு பிறந்து ஒன்பது நாள் மட்டும் இருந்த பிள்ளையை ஒரு துணிக்கடைப் பெட்டிக்குள் வைத்து மலையேற்றி வந்தபோது பஸ்ஸில் ஒதுங்கி இடம் தராதவர்களையும், தனியாக இருக்கிறவள் என்று கதவைத் தட்டியவர்களையும், தட்டியது தெரிந்தும் காலையில் வந்து டீ கேட்டவர்களையும், தராசைச் சாய்த்தவர்களையும், சொன்ன விலைக்குச் சரி என்றிருந்தால் செத்திருப்பாள் என்பது தெரியாமல் இவளுக்கு ஏன் இத்தனை வாய் என்று கேட்ட ஊரையும், அந்த ஊரின் பல்லைப் பிடுங்கிய தன்னையும், மூன்று மணி நேரம், மூச்சு விடாமல், ஒரு வார்த்தையைக் கூட இரண்டாம் தடவை சொல்லாமல் திட்டினாள். சொற்கள் கடலையாக விழவில்லை, கல்லாக விழுந்தன. பாகு தளும்பிக் கொழந்தவேலுவின் முழங்கையைச் சுட்டது. அவன் வாய் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் தாடையில் வழிந்தது, சட்டிக்குள் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டு கிண்டினான்.

கடைசிச் சொல் விழுந்ததும் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாகு கறுத்த சிவப்பாக, கரண்டி நட்டமாக நிற்கும்படி உறைந்திருந்தது.

"உறைஞ்சிடுச்சுக்கா" என்றான் கொழந்தவேலு.

"அப்படியா" என்றாள் பிலோமினா. "ரொம்ப சந்தோஷம்ப்பா. கை சுட்டுடுச்சே உனக்கு, எண்ணெய் போடட்டுமா?"

கொழந்தவேலு இரண்டடி பின்வாங்கினான்.

குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தபின் கிராம சபை கூடியது. முந்நூறு பேர் இருந்தார்கள். சந்திரமௌலி எல்லோருக்கும் பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார். கொழந்தவேலு வேனின் பின்கதவைத் திறந்து, ஜாம் தடவிய ரொட்டியைத் தட்டுத் தட்டாக நீட்டினான். சந்திரமௌலிக்கும் நீட்டினான். "எனக்குச் சுகர்ங்க" என்று அவர் கை கூப்பினார். பிலோமினா கடைசி வரிசையில், மடியில் கை வைத்துக்கொண்டு, எதிரே பேசுகிற ஒவ்வொருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதை வியந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. ஆட்சேபம் இல்லையென்றால் கையெழுத்திடலாம் என்றார் பார்வையாளராக வந்த அதிகாரி. தலைவர் ராசமாணிக்கம் மீசையில் ஒட்டியிருந்த ஜாமைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். நோட்டில் வைத்தார். எடுத்தார். அவர் காது மடல் இரண்டும் சிவந்தன.

"ஏன்யா" என்றார். அந்தக் குரலை அவருடைய பெண்டாட்டிகூட அதுவரை கேட்டதில்லை. "பயன்பாட்டில் இல்லைன்னு எவன்யா எழுதினது? நான் குடிக்கிற தண்ணி பயன்பாட்டில் இல்லைன்னா, நான் உசுரோட இல்லைன்னு அர்த்தமா? கொலுசைத் தூக்கிட்டு ஓடினவனையே எவ்வளவு தூரம் போறான் பாப்போம்னு விட்டவ நான். ஊத்தைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கியா நீ?"

"பதினாறு வயசுல கூடையோட நடந்து மலையேறினவடா நான்!" என்று எழுந்தான் ஆறடி உயர அங்கப்பன். "நெழற்குடை காட்டுறியா எனக்கு? மழையில நின்னவகிட்டயா?"

"ஒம்பது நாள் புள்ளைய இந்த மண்ணுக்குத்தான் குடுத்தேன்" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார் கல்யாணமே ஆகாத தபால்காரர் துரைக்கண்ணு. "அது மேல ஓடுற தண்ணிய ஒரு சொட்டு தர மாட்டேன்!"

முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். மீசை வைத்தவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் புதுப்பெண்களும் ஒரே பெண்ணின் முப்பத்தாறு வருஷத்தைத் தங்களுடையதாகவே கத்தினார்கள், அது அவர்களுக்கு வித்தியாசமாகவும் படவில்லை. சந்திரமௌலி தலையைச் சாய்த்துப் பார்த்தார், மறுபக்கம் சாய்த்துப் பார்த்தார், வீட்டுக்கு இரண்டு கேன் என்றார், மூன்று என்றார். ஐந்தாவது கேனில் அவர் சட்டைக் காலரை ஒரு மூதாட்டி பிடித்துவிட்டாள். அதிகாரி அவசரமாக 'ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். வெள்ளைக் கார் பதினோரு வளைவையும் ஹாரன் அடிக்காமல் இறங்கியது. ஊர் அந்தச் சூட்டோடு அரிவாளை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு ஏறி, உண்ணிச்செடியை வெட்டிச் சாய்த்து, இந்த வருஷம் யாருக்கு முதல் முறை என்று அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டது. அங்கப்பனும் சடையனும் இறங்கி வரும்போது மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

பிலோமினா யாரோடும் போகவில்லை. காலித் தட்டுகளை அடுக்கிக் கழுவினாள். உள்ளே தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, பெருக்கித் துடைத்த வீடு மாதிரி இருந்தது. பயமாகக்கூட இல்லை. பயப்படவும் கொஞ்சம் சூடு வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை வேன் வந்து நின்றது. "பீன்ஸ் எம்பது!" என்று கத்தினான் கொழந்தவேலு. தட்டில் மிஞ்சியதையெல்லாம் முந்தின நாள் அவன்தான் வழித்துத் தின்றிருந்தான், கண் இன்னும் சிவந்திருந்தது.

"சரிப்பா, அரைக் கிலோ போடு."

"என்னது சரியா?"

"உனக்கும் டீசல் விலை இருக்குல்ல. மலையேறி வர்ற."

"என் டீசலைப் பத்தி நீ யாருக்கா பேசுறதுக்கு?" அவன் வேனிலிருந்து குதித்தான். "கொறைச்சுக் கேளு!"

"எழுபத்தெட்டு?"

"த்தூ! இதெல்லாம் ஒரு கேள்வியா? அம்பதுன்னு கேளு. முத்தல் பீன்ஸு, உன் மூஞ்சி மாதிரியே இருக்குன்னு சொல்லு!"

"முத்தலா தெரியலையேப்பா. நல்லாத்தான் இருக்கு."

பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். "கேளுக்கா" என்று சடையன் கெஞ்சினான். தலைவர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். கொழந்தவேலு தானே எழுபதானான், அறுபதானான், தன் பீன்ஸைத் தானே கேவலமாகத் திட்டினான், "நாப்பதுக்கு மேல ஒரு பைசா கொடுத்தீங்க, வேனைப் பள்ளத்துல உருட்டிடுவேன்!" என்று பிலோமினாவின் குரலிலேயே பிலோமினாவை மிரட்டினான். அவள் அவனைப் பாவமாகப் பார்த்தபடி அரைக் கிலோவுக்கு இருபது ரூபாயை எடுத்து நீட்டினாள். அவன் தோற்றுப்போனவன் மாதிரி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு கை பீன்ஸை அள்ளித் தராசில் போட்டான். ஊர் பெருமூச்சு விட்டுக் கலையத் தொடங்கியது.

பிலோமினா தராசைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"தம்பி" என்றாள். குரல் உயரவில்லை, மெல்லத்தான் சொன்னாள். "அந்தத் தட்டுமேலேருந்து உன் கட்டை விரலை எடு."

கலைந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். கொழந்தவேலு விரலை எடுத்தான். எடை கால் கிலோவுக்கும் கீழே இறங்கியது. அவன் கண் கலங்கிவிட்டது.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் பிலோமினா. "போடு."